விட்டு விட்டுப் பாயும் மின்சாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். என் கணவர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் எலெக்ட்ரிகல் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதும், பனியன் கம்பெனிகளுக்கு ஸ்விட்ச் போர்டு மாட்டித் தருவதும் அவர் தொழில். நான் கோயமுத்தூரில் இயற்பியல் படித்தவள். படித்த படிப்பை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் அதிகம் பேசாதவர். நான் நின்ற இடத்திலேயே எங்காவது போய்விடுகிறவள். அடுப்பில் உலை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றால் நொய்யல் கரையில் காயும் வெளுத்த துணிகள் தெரியும். பனியன் துணி குழாய் போலப் பின்னப்பட்டு வரும். அதை நீளநீளமாகத் தரையில் விரித்துக் காயப் போட்டிருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் ஒவ்வொன்றும் உப்பி எழுந்து மெல்லத் தணியும். அதைப் பார்த்துக்கொண்டே நின்று எத்தனையோ நாள் சோற்றைக் குழைய விட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனபோது பட்டறை பூட்டியிருந்தது. அவருடைய பெரியப்பா மகனின் பனியன் கம்பெனியில் ஏதோ பழுது, அங்கே போயிருக்கிறார் என்றார்கள். தூக்குப்போசியோடு நானும் அங்கே போனேன். அப்படித்தான் முதன்முதலாகக் காலண்டர் அறையைப் பார்த்தேன்.

சுவரில் மாட்டுகிற காலண்டர் இல்லை. வெளுத்துக் காய்ந்த துணியை ஆவியில் காட்டி, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுத்து மட்டமாக்கும் மிஷினுக்கு அந்தப் பெயர். அறை முழுக்க வெள்ளை ஆவி. அதற்குள்ளிருந்து துணி வந்துகொண்டே இருந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மிஷின் முன்னால் உயரமான ஓர் அம்மா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். தாராபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தடவியபடி, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

"உள்ள வராதீங் கண்ணு," என்றார் என்னைப் பார்த்ததும். "இந்த வெக்கை உங்களுக்கு ஆகாதுங்."

வெக்கை ஆவியினால் மட்டும் இல்லை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் சுருள் சுருளாகக் கம்பிகள் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கிடந்தன. என் கணவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்துபோன ஒரு சுருளைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மோட்டார் வேகத்தைக் கொறைக்கறதுக்கு," என்றார். "மெல்லிசுத் துணிக்கு மெதுவா ஓடோணும். மோட்டாருக்குப் போற கரண்டுல கொஞ்சத்தை இது வழிமறிச்சு நிறுத்தீரும்."

"நிறுத்துன கரண்ட் எங்க போகும்?"

அவர் அந்தச் சிவந்த கம்பிகளைக் கையால் காட்டினார்.

கம்பெனியின் பழைய மோட்டார் டி.சி.யில், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரத்தில் ஓடுவது, ஏதோ மில்லில் கழித்துப் போட்டதை வாங்கி வந்தது. வேகம் குறையக் குறையப் பெட்டி கொதிக்கும். மிச்சமாகும் மின்சாரம் எல்லாம் அந்த அம்மாவைச் சுடுவதற்குத்தான் செலவாகிறது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணை மூடினால் அந்தச் சிவப்புதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். அவிநாசி பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் மிதிக்க, நான் பின்னால் கேரியரில். இருபுறமும் பருத்திக்காடு. சமதரையில் அவர் கொஞ்சம் மிதிப்பார், பிறகு காலை நிறுத்திவிடுவார். சைக்கிள் தன் போக்கில் டிக்டிக்டிக் என்று உருளும். வேகம் குறைவதற்குள் மறுபடி மிதிப்பார். எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மிதிக்கிறார், விடுகிறார், மிதிக்கிறார், விடுகிறார். என்னை ஒருவரும் உலுக்கவில்லை. வண்டி ஒரே சீராகப் போவதாகத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது.

"ஏனுங்க," என்றேன். "நீங்க மெதுவாப் போகோணும்னா பிரேக்கைப் புடிச்சுட்டே மிதிப்பீங்களா?"

"எந்தக் கிறுக்கன் அப்பிடி மிதிப்பான்?"

"அந்தப் பெட்டி அதைத்தானுங்க பண்ணுது."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாக ஓடி, வேகம் குறைந்து, ஒரு புளியமரத்தடியில் நின்றது. அவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"கரண்டை வழிமறிக்கவே வேண்டாமுங்க," என்றேன். "குடுத்தா முழுசாக் குடுக்கலாம். இல்லாட்டி அடியோட நிறுத்தீரலாம். நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை அப்பிடிக் குடுத்துக் குடுத்து நிறுத்துனா மோட்டாருக்கு அது விட்டு விட்டு வர்றதே தெரியாது. குடுக்கற நேரம் நீளமா இருந்தா வேகமா ஓடும். குட்டையா இருந்தா மெதுவா ஓடும்."

"அத்தனை தடவை ஸ்விட்சைப் போட்டு நிறுத்தறது யாரு?"

"தைரிஸ்டருன்னு ஒண்ணு இருக்குதுங்க."

அது கல்லூரியில் கடைசி வருடம் நான் படித்தது. அசையும் பாகம் ஏதும் இல்லாத ஸ்விட்ச். துளி மின்சாரம் தொட்டால் போதும், மதகு போலத் திறந்து வழிவிடும். வீடு வந்து சேரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். கல்யாணமாகி அத்தனை மாதத்தில் நான் பேசியதையும் அவர் கேட்டதையும் கூட்டினால் அந்த ஒரு மாலைக்கு ஈடாகாது.

தைரிஸ்டர் கோயமுத்தூரில் கிடைத்தது. கைக்கடக்கமாக, ஒரு பெரிய மறையாணி மாதிரி இருந்தது. திறப்பதற்கு அதைப் போல எளிதானது எதுவுமில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டோம். மூடுவதுதான் பாடு. ஒருமுறை மின்சாரம் உள்ளே பாயத் தொடங்கிவிட்டால், அது தானாக வற்றும்வரை தைரிஸ்டர் யார் சொல்லையும் கேட்காது. டி.சி. மின்சாரம் வற்றாது. ஆகவே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர் ஒன்றைப் பக்கத்தில் நிரப்பி வைத்துக்கொண்டு, மூட வேண்டிய கணத்தில் அதை எதிர்ப்பக்கமாகத் திறந்துவிட வேண்டும். எதிரே வரும் அந்த வேகத்தில் தைரிஸ்டர் ஒரு கணம் திகைத்து மூடிக்கொள்ளும்.

நான் சுற்றை வரைவேன், அவர் ஈயத்தால் பற்றவைப்பார். சமையல் முடிந்ததும் பட்டறைக்குப் போய்விடுவேன். காலையில் கூரைக் கண்ணாடி வழியாக விழுகிற வெயில் மேசையின் இந்தப் பக்கம் இருக்கும். அது அந்தப் பக்கம் நகர்ந்து போகும்வரை ஒரு வார்த்தை இல்லாமல் இருவரும் உட்கார்ந்திருப்போம். ஈயம் உருகும் வாசனை இப்போதும் எனக்கு அந்த மௌனத்தைத்தான் கொண்டுவரும்.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். என் கல்லூரிப் பேராசிரியைக்கு எழுதினேன். பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துப் போ என்றார். துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோமனூரில் ஏறிய ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரேடியோவுங்களா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இது பாடாதுங்க," என்றேன். "படம் காட்டும்."

"என்ன படமுங்க?"

"கோடு படமுங்க."

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பட்டறையில், இருட்டாக்கிய மூலையில், அந்த வட்டக் கண்ணாடியில் பச்சை வெளிச்சத்தில் முதல் துடிப்பைப் பார்த்தோம். மேலே ஒரு படி, கீழே ஒரு படி. மேலே, கீழே. குமிழைத் திருப்பினால் மேல்படி அகலமாகும்; எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒடுங்கும். இணைத்திருந்த பல்பு அதற்கேற்ப ஒளிர்ந்து மங்கியது. பெட்டி எதுவும் கொதிக்கவில்லை. அவர் என் கையிலிருந்து குமிழை வாங்கி, குழந்தை மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் மாட்டினோம். பெரியப்பா மகன் நல்ல மனிதர், "உங்க ரெண்டு பேர்த்து ஆசைக்குப் பண்ணிப் பாருங்க. ஆனாத் துணி கெடக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

துணி கெட்டது. அப்போது நாங்கள் கட்டியிருந்த சுற்றில், மின்சாரம் கொடுக்கும் நேரம் எப்போதும் ஒரே அளவு. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் இடைவெளியை நீட்டிக்கொண்டே போவோம். கட்டுவதற்கு அதுதான் எளிது. வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக்கியதும் இடைவெளி நீண்டு, மோட்டார் தத்தித் தத்தி இழுத்தது. துணியில் குறுக்கே மெல்லிய வரிகள் விழுந்தன. சத்தம் வேறு: வேகத்தை மாற்ற மாற்ற, கீச்சென்று ஏறுவதும் உறுமலாக இறங்குவதுமாக.

"பல்லுக் கூசுதுங் கண்ணு," என்றார் மிஷின் அம்மா. "வேகம் மாத்தறப்பெல்லாம் சத்தமும் மாறுது. நான் எதைப் புடிச்சுப் பாடறது?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வரியும் சத்தமும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. துடிப்புகளின் எண்ணிக்கை மாறவே கூடாது. நொடிக்கு இத்தனை என்று நிலையாக வைத்துவிட்டு, ஒவ்வொரு துடிப்பின் அகலத்தை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்கு இன்னொரு சிறு சுற்று தேவைப்பட்டது. கட்டி முடிக்க ஆடி வெள்ளிகள் எல்லாம் கழிந்துவிட்டன.

இரண்டாம் முறை ஓட்டிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிஷின் கிளம்பியதும் அறைக்குள் ஒரு ரீங்காரம் எழுந்தது. மெதுவாக ஓட்டினோம், அதே ரீங்காரம். வேகமாக ஓட்டினோம், ஒலி கொஞ்சம் கனத்ததே தவிர, சுருதி மாறவில்லை. மூலையிலிருந்த பெட்டி குளிர்ந்து கிடந்தது. துணி வரியில்லாமல், பால் வழிவது போல வந்தது. அந்த அம்மா சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அந்தச் சுருதியிலேயே, வாய்க்குள் இல்லாமல், வாய்விட்டே ஒரு காவடிப் பாட்டை எடுத்தார். ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது. துணி மடிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோனது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரியும் ஒன்று, இத்தனை சாந்தமாக இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அது நடந்தது.

பிந்தி வந்த ஒரு கட்டுத் துணி சரியாகக் காயாமல் கனமாக இருந்தது. உருளைக்குள் போனதும் மோட்டார் திணறியது. ரீங்காரம் ஒரு கணம் கரகரத்து, சட்டென்று அடங்கியது. சத்தம் நின்றதால் மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்தோம். நிற்கவில்லை. துடிப்புதான் நின்றுவிட்டது; தைரிஸ்டர் மூடாமல் திறந்தபடியே கிடக்க, முழு மின்சாரமும் இடைவெளியே இல்லாமல் பாய்ந்தது. மிஷின் முழு வேகத்தில் பறந்தது. துணி சுருண்டு எழுந்தது. குமிழை எத்தனை திருப்பியும் அது கேட்கவில்லை. அந்த அம்மாவின் சேலை முந்தானை துணியோடு சேர்ந்து உருளைப் பக்கம் போவதை நான் பார்த்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை.

அந்த அம்மா ஒரு கையால் உருளைச் சட்டத்தை எட்டித் தள்ளிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். சேலை கிழிந்தது. என் கணவர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் கைப்பிடியை இழுத்துத் தள்ளினார். அதன் பிறகும் உருளைகள் தம் போக்கில் சுற்றித்தான் ஓய்ந்தன.

அந்த அம்மாவின் உயிருக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கையில் சூடுபட்டுத் தோல் கொப்பளித்திருந்தது. கையை நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. பெரியப்பா மகன் எங்களைத் திட்டவில்லை. ஆனால் பழைய இரும்புப் பெட்டியை மறுபடி இணைக்கச் சொன்னார். என் கணவர் தன் கையாலேயே இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, வாசலில் முருங்கை. கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தார்.

"வாங் கண்ணு. ஊடு தேடி வந்துட்டீங்களே," என்று பாய் விரித்தார்.

"கை எப்பிடி இருக்குதுங்கக்கா?"

"கைக்கு ஒண்ணுமில்லீங். ஆறீரும்." மஞ்சள் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். "அது நிக்கலியே கண்ணு. அதுதான் கனவுல வருது. அந்தப் பழைய பொட்டி என்னை வேக வெச்சாலும், நில்லுன்னா நின்னுக்கும். உங்குளுது நல்லாப் பாடுது. பாடிட்டே இருந்துட்டு, சொல்லாம கொள்ளாம ஓடீருச்சு."

அவர் கொடுத்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"சரி பண்ணீட்டாச் சொல்லியுடுங்," என்றார் வாசல்வரை வந்து. "நானே வந்து பாக்கறனுங்."

பட்டறையில் நாங்கள் அதுவரை சோதித்ததெல்லாம் பல்புகளை வைத்துத்தான். பல்பு திணறாது. இந்தத் தடவை நிஜ மோட்டாரை மாட்டி, அதன் சக்கரத்தை ஒரு மரக்கட்டையால் அழுத்தித் திணற வைத்தோம். அவர் கட்டையை அழுத்த, நான் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் கூடக் கூட, துடிப்பின் பின்முனை தள்ளாடியது. இன்னும் அழுத்தினார். ஒரு துடிப்பு மூடாமல் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டது. படிகள் எல்லாம் மறைந்து கண்ணாடியில் ஒரே நேர்கோடு.

"இங்கதானுங்க," என்றேன்.

நாங்கள் வைத்திருந்த கண்டன்சர், சாதாரணச் சுமைக்குப் போதும். கனத்த சுமையில் பாயும் மின்சாரத்தை எதிர்த்து நிறுத்துவதற்குள் அது காலியாகிவிடுகிறது. பெரிதாக வைத்தோம். அது மட்டும் போதாது என்றார் அவர். எது பிசகினாலும், மின்சாரம் ஓர் அளவைத் தாண்டியதும் மெயினையே துண்டித்துவிடும் ரிலே ஒன்றைச் சேர்த்தார். உருளையைப் பிடித்து நிறுத்த ஒரு பிரேக்கும், ஆள் நிற்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்தார். "நீ ஓடறதைப் பாரு அம்மிணி. நான் நிக்கறதைப் பாத்துக்கறேன்," என்றார். இது அவர் என்னிடம் சொன்ன நீளமான பேச்சுகளில் ஒன்று.

சொல்லி அனுப்பினோம். அந்த அம்மா வந்தார். முந்தானையை இடுப்பில் இறுக்கச் செருகிக்கொண்டு, மிஷினுக்கு எட்டத்தில் கைகட்டி நின்றார். மிஷின் கிளம்பியது, ரீங்காரம் எழுந்தது. என் கணவர் வேண்டுமென்றே ஈரத் துணியை உள்ளே விட்டார். மோட்டார் முக்கியது, ரீங்காரம் கரகரத்தது, உடையவில்லை. பிறகு மரக்கட்டையால் சக்கரத்தை அழுத்தினார். டப்பென்று ரிலே விழுந்து, மிஷின் அப்படியே நின்றது.

"இன்னொருக்கா," என்றார் அந்த அம்மா.

இன்னொரு முறை. நின்றது.

"அக்கட்டால போங்," என்று என் கணவரை நகர்த்திவிட்டுத் தானே மிஷின் முன்னால் போனார். ஓடவிட்டு, ஆறின கையின் நடுவிரலால் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நின்றது. மறுபடி ஓடவிட்டார், மறுபடி அமுக்கினார். அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை அப்படியே செய்துகொண்டிருந்தார். பிறகு துணியின் ஓரத்தை எடுத்து உருளையில் கொடுத்தார்.

அன்று அவர் பாடவில்லை. அதற்கடுத்த வாரமும் பாடவில்லை. எப்போது மறுபடி பாடத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. பட்டறையில் வேலை கூடிவிட்டதால் நான் அந்தப் பக்கம் அடிக்கடி போகவில்லை. மடிப்புப் பெண் ஒருத்தி சந்தையில் பார்த்தபோது, "அந்தக்கா பாட்டு ரோடு வரைக்கும் கேக்குதுங்," என்று சொன்னாள்.

பழைய இரும்புப் பெட்டியை எடைக்குப் போட்டார்கள். அது இருந்த மூலையில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், சிலர் கேட்டார்கள், செய்து கொடுத்தோம். மின்வெட்டுக் காலம் வந்து சேர்ந்தபோது, கம்பிச் சுருளில் வீணாகாத மின்சாரம் என்பதற்காகவே இன்னும் சிலர் தேடி வந்தார்கள்.

கடைக்குப் பெயர்ப் பலகை எழுத வேண்டும் என்று என் கணவர் ஒருநாள் ஓவியரைக் கூட்டிவந்தார். "என்ன தொழிலுன்னு எழுதறதுங்க?" என்று ஓவியர் கேட்டார். துடிப்பு, அகலம், தைரிஸ்டர் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்தபடி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் கணவர் குறுக்கிட்டு, "மோட்டார் வேகம் கூட்டிக் குறைத்துத் தரப்படும்னு எழுதுங்க," என்றார். நீல நிறத்தில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், ஓவியர் அப்படியே எழுதினார்.

பெயிண்ட் காய்வதற்குள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஏனுங்க, ஊட்டுல ஃபேன் ரொம்ப வேகமாச் சுத்துதுங்க," என்றார். "கொஞ்சம் கொறைச்சுத் தருவீங்களா?"

"உக்காருங்க," என்று என் கணவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "ஃபேனைக் கழட்டிக் கொண்டாந்தீங்களா?"